ஊசிக்கு மேலே ஏறிய தண்ணீர்

பள்ளிக்கூட லேபில் எடுபிடி வேலை பார்க்கிறவளுக்கு எப்போதும் இரண்டு பயம் உண்டு: கண்ணாடிச் சாமான் ஏதாவது உடைந்துவிடுமோ என்பது ஒன்று, எதுவுமே உடையாத நாளில் வேறு என்ன கெட்டுப்போயிருக்கிறதோ என்பது இன்னொன்று.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ், கல்யாணம், பிள்ளைகள், மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ். தீக்குச்சி மருந்து நெடியில் வந்த இருமல் நிற்காமல் போனபோது, எங்கள் தெருவில் குடியிருந்த விஜயா டீச்சர், கோவில்பட்டியில் தான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லி உயிரியல் லேபில் என்னைச் சேர்த்துவிட்டார். டீச்சர்மார் கையில்கூட செல்போன் வராத காலம். எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லில் ஷிப்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால் இந்த வேலை நிலைத்தாக வேண்டும். ஆனால் தலைமையாசிரியை எச்.எம். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது ஒரு வருசத்துக்குத்தான். பிப்ரவரியில பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை ஒரு குறையும் இல்லாம முடியட்டும். அதுக்கப்புறம் பேசுவோம்."

அன்றைக்கே பிப்ரவரியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஜூன் மாதம். சின்ன வேலையில் இருந்துகொண்டு பெரிய கவலை படுகிறவர்கள் என்னைப் போல இன்னும் பல பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஓட்டைக் கிழங்கு

முதல் வாரத்தில் விஜயா டீச்சர் ஓர் உருளைக்கிழங்கைக் கையில் கொடுத்து, தோலைச் சீவி, அடியைச் சமமாக வெட்டி, நடுவில் கிண்ணம் மாதிரிக் குடையச் சொன்னார். அடி மட்டும் ஓட்டையாகிவிடக் கூடாது. குழிக்குள் பாதி வரைக்கும் கெட்டியான சீனித்தண்ணீர் ஊற்ற வேண்டும். அது நிற்கிற மட்டத்தில் அடையாளத்துக்கு ஒரு குண்டூசி குத்த வேண்டும். பிறகு கிழங்கைத் தண்ணீர் இருக்கிற கண்ணாடிப் பாத்திரத்தில் உட்கார வைக்க வேண்டும். அடுப்படி வேலைதானே என்று சந்தோஷமாகச் செய்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், சீனித்தண்ணீர் ஊசியைத் தாண்டி மேலே நிற்கிறது. அடியில் ஓட்டை போட்டுவிட்டேன், வெளித்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்து, யாரும் பார்ப்பதற்குள் வேறு கிழங்கைக் குடைந்து வைத்தேன். அதிலும் ஏறியது. மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் வைத்தேன். அதிலும் ஏறியது. இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது டீச்சர் வந்துவிட்டார்.

"ஓட்டையெல்லாம் இல்லக்கா. கிழங்கு பூரா சின்னச் சின்ன செல்லு. ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு ஜவ்வு. அது தண்ணிய விடும், சீனிய லேசுல விடாது. குழிக்குள்ள சீனி கூடுதல், தண்ணி கொறச்சல். அதனால வெளித்தண்ணி செல்லு செல்லாத் தாண்டி உள்ள போகுது" என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கிழங்கை வீணாக்கியதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் மூன்று கிழங்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பழுது இல்லக்கா, இதுதான் பாடம்."

கயத்தாறு பஸ்

பாடம் நடக்கும்போது நான் பின்னால் நின்று சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருப்பேன். கை கழுவும், காது சும்மா இருக்காது. ஒருநாள் டீச்சர், செல்லின் ஜவ்வைத் தாண்டி எது எது எப்படிப் போகிறது என்று நடத்தினார். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

"ஒரு பஸ்ஸுல கூட்டம் பிதுங்குது. பக்கத்துலயே அதே ஊருக்கு ஒரு பஸ்ஸு காலியா வந்து நிக்குது. யாராவது சொல்லணுமா? தன்னால எறங்கி அதுல போய் ஏறிக்கிடுவீங்க. கூட்டமான எடத்துல இருந்து கூட்டமில்லாத எடத்துக்கு. அதுக்குச் செல்லு ஒரு செலவும் பண்ண வேண்டாம். சில சாமானுக்கு மட்டும் தனிக் கதவு வேணும், ஆனா அதுவும் சும்மா நடந்து போறதுதான். இப்ப, பிதுங்குற பஸ்ஸுக்குள்ள கீழ இருந்து ஏறணும்னா? முட்டித் தள்ளணும். அதுக்குச் சக்தி வேணும். உள்ள ஏற்கெனவே நெறைய இருக்கற உப்ப இன்னும் உள்ள ஏத்தணும்னா, செல்லும் அப்படித்தான் சக்தியச் செலவழிச்சுத் தள்ளுது."

கடைசி பெஞ்சில் மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை. கயத்தாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வீட்டில் பருத்தி விவசாயம், மழை வந்தால் உண்டு. அந்தக் குடும்பத்தில் பிளஸ் டூ வரைக்கும் வந்த முதல் ஆள் அவள்தான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று நகத்தால் பெஞ்சைச் சுரண்டுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்திருந்தாள். "மாரீஸ்வரி, நான் சொல்லுறது புரியுதாட்டி?" என்றார் டீச்சர். அவள் எழுந்து, குனிந்து தன் காலைப் பார்த்தாள். வகுப்பு அவள் குரலைக் கேட்டதே அன்றைக்குத்தான்.

"புரியுது டீச்சர். எனக்குச் சக்தி மட்டும் செலவாகல, இன்னைக்கு ஒரு செருப்பும் செலவாயிட்டு."

செடிக்குக் குடிதண்ணீர்

லேப் வாசலில் ஒரு தொட்டிச் செடி. இலையின் அடிப்பக்கம் நல்ல ஊதா. டீச்சர் அதை ரியோ என்பார். அந்த ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், தரையில் கல் பதித்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டால், கட்டத்துக்குள் இருக்கும் ஊதா சுவரை விட்டு விலகி, சுருங்கி, நடுவில் போய் ஒண்டிக்கொள்ளும். வெளியே உப்பு கூடிவிட்டதால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஜவ்வைத் தாண்டி வெளியே போய்விடுகிறதாம். எச்.எம். அம்மா லேபுக்குள் நுழையும்போது எனக்கு நடப்பதும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எச்.எம். அம்மா வெளியே போனால் நானும் அப்படித்தான்.

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. செடி நாளுக்கு நாள் வாடியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடியது. பள்ளிக்கூடத்து போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தொட்டி மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததுதான் தொட்டியிலும் நடக்கிறது என்று டீச்சர் சொன்னார்: மண்ணில் உப்பு ஏறிவிட்டதால் வேரால் தண்ணீரை இழுக்க முடியவில்லை. ஊரிலேயே வேறு ரியோ எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிராக்டிகலில் மேஜைக்கு ஒரு சோதனை; செடி செத்தால் ஒரு மேஜை காலி. பிராக்டிகலில் குறை வந்தால் எனக்கு வேலை காலி.

மண்ணை மாற்றினேன். வீட்டிலிருந்து தினமும் ஒரு தூக்குவாளியில் குடிதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குழாயில் தண்ணீர் வருகிற நாளில் நாங்கள் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டோம். பொங்கலுக்குள் செடி புதுக் குருத்து விட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்ட என்னை எங்கள் வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு அரைச் செம்புக்கு மேல கேட்டா மொறைக்க. அடுத்த பிறவியில நான் உங்க லேபு வாசல்லயே மொளச்சுக்கிடுதேன்."

துணைக்கு ஆள்

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற சண்முகத்தாய் அக்காவுக்கு என்னைவிட வயது அதிகம், குரல் அதைவிட அதிகம். ஜனவரியில் மாதிரித் தேர்வு அன்று, மாரீஸ்வரி லேப் வாசலில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று வீட்டில் ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. தேர்வை விடக் கூடாதென்று அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். சண்முகத்தாய் அக்கா குறுக்கே வந்து நின்றார்: "குடுக்காதட்டி, உள்ள ஊத்துனா அப்படியே வெளிய வரும்." விஜயா டீச்சர் மருந்துப் பெட்டியிலிருந்து உப்பும் சீனியும் கலந்த பொட்டலத்தை எடுத்து, காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் கரைத்தார். ஆட்டோ வரும்வரைக்கும் கரண்டி கரண்டியாக ஊட்டச் சொன்னார். சண்முகத்தாய் அக்காவுக்கும் கையோடு பாடம் நடந்தது: "வெறும் தண்ணி இந்த நேரத்துல சரியா ஒட்டாதுக்கா. குடல்ல இருக்கற செல்லுல ஒரு கதவு இருக்கு. உப்பும் சீனியும் சேந்து வந்தாத்தான் அந்தக் கதவு தொறக்கும். அது ரெண்டும் உள்ள போனா, தண்ணி பின்னாலயே போயிரும்."

நான் ஊட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் கொஞ்சம் கக்கினாள். பிறகு கக்கவில்லை. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஊட்டினேன். அங்கே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றாள். ஒரு பிள்ளைக்குப் பசிக்கிறது என்று கேட்டு நான் அழுதது அன்று ஒருநாள்தான். மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் சண்முகத்தாய் அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "உப்பு தனியாப் போகாதாம், சீனி தொணைக்கு வரணுமாமே. எங்க நாத்தனாரும் அப்படித்தாம்ட்டி, நான் கூடப் போகாம சினிமாக் கொட்டகைக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டா."

மாவாக வெந்த கிழங்கு

பிராக்டிகல் பரீட்சைக்கு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற ஆசிரியரை எக்ஸ்டர்னல் என்போம். அவருக்கு மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். சாப்பாட்டுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சாப்பாட்டைக் குறைத்துச் சோதித்துப் பார்த்த பள்ளிக்கூடம் ஒன்றும் கிடையாது.

பரீட்சைக்கு முந்தின நாள் சந்தையில் நானே பொறுக்கிப் பொறுக்கி உருளைக்கிழங்கு வாங்கினேன். பரீட்சைக்கு ஒரே ஒரு கிழங்குதான் வேண்டும். என் கவலைக்கு ஒரு பை வேண்டியிருந்தது. லேபில் எலித் தொல்லை. அதனால் பையைச் சத்துணவுக் கூடத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, சண்முகத்தாய் அக்கா முன்னாலேயே போய்விட்டதால் அவரிடம் சொல்ல முடியாமல், காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். எச்.எம். அம்மா அக்காவிடம், "எக்ஸ்டர்னலுக்கு நீயே சமைச்சிரு, காய் வந்துரும்" என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

காலையில் போனேன். ஆணியில் பை இல்லை.

"அக்கா, இங்கன இருந்த கிழங்கு எங்க?"

"நல்ல கிழங்குட்டி. மாவா வெந்துருக்கு."

"வெந்துருக்கா?"

"பின்ன என்ன, அந்த மனுசனுக்குப் பச்சையாவா போட முடியும்?"

"அக்கா, அது லேபுக்கு வாங்குன கிழங்கு!"

"லேபுக்குக் கிழங்கு எதுக்கு? அங்கன நீங்க போண்டாவா போடுதீங்க?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எக்ஸ்டர்னல் இறங்கினார். சந்தைக்குப் போய்வர நேரமில்லை. "எல்லாத்தையுமா வேக வச்சீங்க? ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?" என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் பயம் வந்துவிட்டது. "ஒண்ணு மொளவிட்டிருந்துச்சு. திங்க ஆகாதுன்னு குப்பையில போட்டுட்டேன்" என்றார். இரண்டு பேரும் வெங்காயச் சருகுக்குள் கையை விட்டுத் துழாவினோம். கிடைத்தது. அதைக் கழுவி, வெந்த கிழங்கு ஒன்றையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு, விஜயா டீச்சரிடம் ஓடி நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முளைக்கிழங்கை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. மொளவிட்டிருக்குன்னா உயிரோட இருக்குன்னுதான அர்த்தம்? குடைங்கக்கா."

ஒற்றைக் கிழங்கு

ஒரு கிழங்குதான். அடி ஓட்டையானால் எல்லாம் போச்சு. தீப்பெட்டிக் குச்சி அடுக்கின கைக்கு இது பெரிசில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடைந்தேன். வெந்த கிழங்கையும் அதே மாதிரி குடைந்து, சீனித்தண்ணீர் ஊற்றி, ஊசி குத்தி, பக்கத்திலேயே வைக்கச் சொன்னார் டீச்சர். எதற்கு என்று கேட்க நேரமில்லை. பிறகு பச்சைக் கிழங்கின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரத்தில் ஏறுகிறதே என்று அழுதவள், இப்போது ஏறவில்லையே என்று அழ இருந்தேன். மெதுவாக, மயிரிழை மயிரிழையாக, ஊசிக்கு மேலே ஏறியது.

சீட்டுக் குலுக்கியதில் அந்த மேஜை மாரீஸ்வரிக்கு விழுந்தது. எக்ஸ்டர்னல் சிரிக்காத மனிதர். ஏறிய கிழங்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பக்கத்துக் கிழங்கைக் காட்டி, "இது ஏன் ஏறல?" என்றார். மாரீஸ்வரி மேஜையைச் சுரண்ட ஆரம்பித்தாள். வாசலில் நின்ற எச்.எம். அம்மா என்னைப் பார்த்தார். ரியோ செல் மாதிரி நான் நடுவில் போய் ஒண்டினேன்.

"அது வெந்த கிழங்கு சார்" என்றாள் மாரீஸ்வரி.

"வெந்தா என்ன?"

"வேகும்போது ஜவ்வு செத்துரும் சார். பச்சைக் கிழங்குல, யார விடணும், யார விடக்கூடாதுன்னு பாத்து விட ஆள் நிக்கி. இதுல கேக்க ஆளில்ல. தண்ணியும் போகும், சீனியும் வெளிய வந்துரும். அப்புறம் எப்படி சார் ஏறும்?"

அவள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எக்ஸ்டர்னல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எச்.எம். அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நான் போன எந்த ஸ்கூல்லயும் ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டல மேடம். நல்லா யோசிச்சு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க."

பொரியல்

மத்தியானம் நான்தான் பரிமாறினேன். சாம்பார், ரசம், அப்பளம், எல்லாவற்றுக்கும் நடுவில் இலை நிறைய உருளைக்கிழங்குப் பொரியல். எக்ஸ்டர்னல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். இலையைப் பார்த்தார், விஜயா டீச்சரைப் பார்த்தார், கரண்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். காலையிலிருந்து சிரிக்காத மனிதருக்குத் தோள் குலுங்கியது.

"லேபுல இருந்த அந்த வெந்த கிழங்கோட சொந்தக்காரங்க எல்லாரும் இந்த இலையிலதான் இருக்காங்க போலிருக்கே."

டீச்சருக்குப் புரையேறிவிட்டது. எச்.எம். அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்து, பிறகு புரிந்து, இன்னும் கூர்மையாகப் பார்த்தார். நான் அடுப்படிப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்தேன். எக்ஸ்டர்னல் விடவில்லை. "எங்கம்மா போறீங்க? அந்தச் சொந்தக்காரங்கள இன்னும் ரெண்டு கரண்டி வைங்க."

சாயங்காலம் லேபைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் எச்.எம். அம்மா மேஜையில் வைத்தேன். அவர் சாவியை எடுக்கவில்லை, என் பக்கமே தள்ளினார். "கிழங்கு விஷயம் சண்முகத்தாய் எல்லாம் சொல்லிட்டா" என்றார். வருகைப் பதிவேட்டை எடுத்து, வேண்டுமென்றே மெதுவாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த நேரத்தில் நான் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ் வாசல் வரைக்கும் போய் வந்துவிட்டேன்.

"ஜூன்ல வந்துருங்க. ஆனா இனிமே லேப் கிழங்கு உங்க வீட்டுல இருக்கட்டும், எக்ஸ்டர்னல் கிழங்கு எங்க வீட்டுல இருக்கட்டும்."

எதை உள்ளே விடலாம், எதை வெளியே நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலையைக் கிழங்குக்குள் இருக்கிற ஜவ்வு கவலையே படாமல் செய்கிறது. அதே வேலையை லேப் வாசலில் நான் அடுத்த ஜூனிலிருந்தும் கவலைப்பட்டுக்கொண்டே செய்தேன், ஜவ்வுக்கும் எனக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம்.